வானத்தின் கணக்கு யார் கையில்?

வானம் எல்லோருக்கும் பொது. ஆனால் வானத்தின் கணக்கு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. திருநாள் எந்தத் தேதியில் வரும், கிரகணம் எத்தனை நாழிகைக்குப் பிடிக்கும், சூரியன் எப்பொழுது ராசி மாறுகிறான் என்பனவற்றைச் சிலர் கணித்துச் சொன்னார்கள். ஏனையோர் கேட்டு நடந்தார்கள். இந்த நிலைமை மாறுவதற்கு இன்று ஒரு வழி பிறந்திருக்கிறது. பிரபஞ்சம் முழுவதையும் கணினித் திரையில் அமைத்துக் காட்டும் மென்பொருள்கள் சில, காலணாச் செலவின்றி எவருக்கும் கிடைக்கின்றன. இவற்றை நாம் வேடிக்கையாகக் கொள்ளப் போகிறோமா, வித்தையாகக் கொள்ளப் போகிறோமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இவற்றுள் முக்கியமானவை மூன்று. பிரெஞ்சுக்காரரான ஃபாபியன் ஷெரோ தொடங்கிய ஸ்டெல்லேரியம் என்பது முதலாவது. நாம் நிற்கும் ஊரையும் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டால், அந்த இடத்தில் அந்த வேளையில் தோன்றும் வானத்தை அது அப்படியே காட்டும். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் அதில் உள்ளன. இரண்டாவது, கிறிஸ் லாரல் என்பவர் 2001ம் ஆண்டில் வெளியிட்ட செலஸ்டியா. இது நம்மைப் பூமியிலிருந்தே கிளப்பி, சந்திரனுக்கும் சனிக்கும் அப்பாலுள்ள நட்சத்திரங்களுக்கும் இட்டுச் செல்லும். மூன்றாவது, ஜெர்மனியில் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் உருவான கையா ஸ்கை. ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனம் 2013ம் ஆண்டில் ஏவிய கையா விண்கலம், 2025 ஜனவரி வரையில் வானத்தை அளந்து வந்தது. 2022ல் வெளியான அதன் பட்டியலில் 180 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் இடம்பெற்றன. அந்த அளவைகளை ஆதாரமாகக் கொண்டே இந்த மூன்றாவது மென்பொருள் இயங்குகிறது.

இவற்றால் யாருக்குப் பயன்? பெரிய நகரத்தாருக்குக் கோளரங்கம் இருக்கிறது. சென்னையில் பிர்லா கோளரங்கம் 1988ம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. தறிச் சத்தம் கேட்கும் சங்கரன்கோவில் போன்ற ஊரின் மாணவன் அதைக் காண வேண்டுமாயின், ஓர் இரவு முழுவதும் ரயிலில் பயணம் செய்ய வேண்டும். அவனுக்குத்தான் இந்த மென்பொருள்கள் பெரும் பொக்கிஷம். ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால், ஸ்டெல்லேரியத்துக்கு அன்றாடம் இணையத் தொடர்புகூடத் தேவையில்லை.

மேலும், வானத்தைச் சோதித்தறிய சங்கரன்கோவிலைப்போல் வாய்த்த ஊர் வேறு அதிகமில்லை எனலாம். அவ்வூரின் பெருந்திருவிழா ஆடித் தபசு. ஆடி மாதத்தில் சந்திரன் உத்திராட நட்சத்திரத்தில் நிற்கும் நாளில், கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்த விழா நடைபெறுகிறது. ஆடியில் சூரியன் கடக ராசியில் இருக்கிறான். அவனுக்கு நேர் எதிரே தனுசுக்கும் மகரத்துக்கும் இடையே சந்திரன் வரும்பொழுது பௌர்ணமியை ஒட்டியே இருந்தாக வேண்டும். விழாவன்று மாலை மண்டகப்படிக் கூட்டத்தில் நிற்கும் சிறுவன், கிழக்கே எழும் பெரிய சந்திரனைப் பார்க்கிறான். அது ஏன் அன்று அங்கே நிற்கிறது என்பதை, வீட்டுக்கு வந்து பத்து நிமிஷத்தில் திரையில் கண்டுகொள்ளலாம். ஆண்டு ஆண்டாகத் தேதியை மாற்றிப் பார்த்தால், விழா ஆங்கிலத் தேதியில் முன்பின்னாக நகர்வதற்குக் காரணமும் தானே விளங்கும்.

மார்ச் 21, 22, 23 தேதிகளிலும் செப்டம்பர் 21, 22, 23 தேதிகளிலும் காலைக் கதிரொளி சங்கரலிங்க மூர்த்தியின் மீது விழுகிறது என்று ஊரார் சொல்வார்கள். இதற்கும் கணக்கு உண்டு. பகலும் இரவும் சமமாகும் அந்நாட்களை ஒட்டித்தான் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிறான். பின்னர் ஜூன் மாதம் வரையில் வடக்கே ஒதுங்கிச் செல்கிறான். டிசம்பர் வரையில் தெற்கே செல்கிறான். ஸ்டெல்லேரியத்தில் அதிகாலை நேரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, நாள்களை மட்டும் ஓட்டிப் பார்த்தால், அடிவானத்தில் சூரியன் ஊஞ்சலாடுவது தெரியும். கோவிலைக் கட்டிய சிற்பி அறிந்திருந்த விஷயம் அது. அதை நம் பிள்ளைகள் அறியாதிருப்பது நியாயமாகுமா?

மற்றொரு சோதனையையும் கூறுவோம். சங்கரன்கோவில் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகை 10 கலையில் உள்ளது. ஆகவே, ஏப்ரல் 13, 14 தேதிகளை ஒட்டி, நடுப்பகல் 12 மணி 20 நிமிஷ அளவில் சூரியன் அவ்வூரின் உச்சிக்கு நேராக வருகிறான். நட்டு வைத்த கோலுக்கு அப்பொழுது நிழல் இல்லை. ஆகஸ்டு 29ந் தேதியை ஒட்டி மறுபடியும் அவ்வாறே நேரும். சித்திரைப் பிறப்பன்று நிழல் மறையும் இந்த அற்புதத்தை முன்கூட்டித் திரையில் பார்த்துவிட்டுப் பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நட்டால் போதும். ஆயிரம் ரூபாய்க் கருவி வேண்டாம்.

அதே சித்திரைப் பிறப்பு வேறொரு பாடத்தையும் போதிக்கிறது. சம இரவு நாள் மார்ச் 20, 21ல் வருகிறது. நமது பஞ்சாங்கப்படி சூரியன் மேஷத்தில் புகுவதோ ஏப்ரல் 14ஐ ஒட்டி. இந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று? பூமியின் அச்சு, தலையாட்டும் பம்பரம்போல், சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் திரும்புகிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒன்றாயிருந்தன. மென்பொருளில் ஆண்டைப் பின்னோக்கி ஓட்டினால் இதைக் கண்ணாரக் காணலாம். பஞ்சாங்கத்தை நம்புவோரும் நம்பாதோரும் இவ்விஷயத்தில் வாதாடிப் பொழுது போக்க வேண்டியதில்லை. பார்த்துத் தெளியலாம்.

இனி, தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு எவ்வாறு வழங்கி வந்தது என்பதைச் சற்று நோக்குவோம். 1769ம் ஆண்டில் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்திருந்தவர் லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி. மேகம் மறைத்ததால் அதை அவர் காண முடியவில்லை. ஆனால் அங்கே ஒரு தமிழர், சோழிகளை அடுக்கி வைத்து, முக்கால் மணி நேரத்தில் கிரகணக் கணிதம் செய்து காட்டியதைக் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்டு 30ந் தேதிச் சந்திர கிரகணத்தின் கால அளவில், தமிழ்க் கணக்கு 41 விநாடிகளே குறைந்திருந்தது. ஐரோப்பாவில் போற்றப்பட்ட மாயரின் அட்டவணையோ 68 விநாடிகள் மிகுந்திருந்தது. நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி இது.

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையையே அறிந்தவர்களாவோம். 1825ல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் மற்றொரு கணிதரைச் சந்தித்தார். மனப்பாடம் செய்த எண்களைக் கொண்டு, சோழிகளை நகர்த்தி, அவரும் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிஷமும், நடுப்பகுதி 23 நிமிஷமும், முடிவு 52 நிமிஷமும் பிசகின. அக்கணக்கின் தத்துவம் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை என்று வாரன் எழுதி வைத்திருக்கிறார். பிழை எங்கே நுழைந்தது என்பதை அவரால் தேட முடியாது. ஏனெனில் கணக்கு வந்த வழி அவருக்கு மூடியிருந்தது. ஞாபகம் இருந்தது, விளக்கம் இல்லை. நம் தாழ்வுக்கு விதை இதுவேயாகும்.

அந்த மூடியைத் திறக்க முயன்ற தமிழ்நாட்டவரும் உண்டு. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணி செய்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867ம் ஆண்டில் தென் வானத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது ஆர் ரெட்டிகுலி என்று உலகத்தாரால் வழங்கப்படுகிறது. 1874ல் சுக்கிரன் சூரியனைக் கடக்க இருந்தபோது, ஜனங்களுக்கு அதை விளக்க இந்திய பாஷைகள் சிலவற்றில் நூல் வெளியிட்டார். கண்டதை மறைக்காமல் பொதுவில் வைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

இன்றைய மென்பொருள்களின் உண்மையான சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அவை இலவசம் என்பது சிறிய விஷயம். நாம் மேலே சொன்ன மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். அவற்றின் மூல நிரலை எவரும் படிக்கலாம்; திருத்தலாம்; திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். சந்திரனின் இடம் எந்தச் சூத்திரத்தால் கணிக்கப்படுகிறது என்று சங்கரன்கோவில் மாணவி கேட்டால், "அது ரகசியம்" என்று சொல்வார் எவருமில்லை. பொத்தானை அழுத்திப் படம் பார்ப்பதோடு நின்றுவிட்டால், நாமும் பொருள் அறியாமல் சோழி நகர்த்துகிறவர்களே. சோழிக்குப் பதில் கண்ணாடித் திரை, வேறு வித்தியாசமில்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. திரை வானம் மெய்வானம் ஆகாது. யாரும் அருகில் சென்று பார்த்திராத கோள்களுக்கு இம்மென்பொருள்கள் ஊகத்தால் நிறம் பூசிக் காட்டுவதுண்டு. அளந்தறிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துணர மாணவர் பழக வேண்டும். அன்றியும், திரையில் கண்டதை அன்றிரவே வெளியே வந்து ஒத்துப் பார்க்க வேண்டும். விளக்கொளி குறைந்த கண்மாய்க் கரையில் நின்றால், மார்ச் மாத முன்னிரவில் தெற்கே அகத்திய நட்சத்திரம் சுடர்வதைக் காணலாம். லண்டன் நகரத்தார் தம் ஊரிலிருந்து என்றுமே காண முடியாத நட்சத்திரம் அது. வடக்கே துருவ நட்சத்திரமோ அடிவானத்துக்கு 9 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்கும். அந்த உயரமே நம் ஊரின் அட்சரேகை என்று உணரும் கணத்தில், பூமி உருண்டை என்ற பாடம் புத்தகத்தை விட்டு நெஞ்சில் ஏறும். பிறகு செலஸ்டியாவில் ஏறி, ஒளிக்கே நாலரை ஆண்டுக்குச் சற்றுக் குறையப் பிடிக்கும் ஆல்பா சென்டாரிக்குச் சென்று திரும்பிப் பார்க்கட்டும். நமது சூரியன் காசியோப்பியா மண்டலத்தில் ஒரு நட்சத்திரமாக மட்டுமே தெரியும். மனிதருக்குள் உயர்வு தாழ்வு பேசுவோர் ஒருமுறை காண வேண்டிய காட்சி அது!

ஆகவே நாம் வேண்டுவது யாதெனில், மூன்று காரியங்கள். முதலாவது, அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைந்துள்ள உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் இவற்றை ஏற்றி, மாதம் ஒரு மாலையாவது வானத்துக்கென்று ஒதுக்க வேண்டும். 2011 முதல் சில ஆண்டுகள் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் இன்னும் இயங்குபவையும் இப்பணிக்கு உதவும். இரண்டாவது, உபாத்தியாயர்கள் கோலும் நிழலும் திரையும் மூன்றையும் இணைத்துப் பாடம் நடத்த வேண்டும். மூன்றாவதே தலையாயது. ஸ்டெல்லேரியத்தில் ஒவ்வொரு ஜன சமூகமும் தன் வானப் பெயர்களைச் சேர்க்க இடம் உண்டு. கார்த்திகையின் ஆறு மீன், ஏழு முனிவர், அவர்களருகே அருந்ததி, விடிவெள்ளி என்று நம் பாட்டிமார் சொன்ன பெயர்களை நாமே சேர்க்காவிட்டால் வேறு யார் சேர்ப்பார்? உழவரும் மீனவரும் வழங்கிய பெயர்களை, அவர்கள் இருக்கும்பொழுதே கேட்டு எழுதி, தமிழ் வானத்தை அமைப்பது நம் இளைஞர் கடமை.

2031 மே 21ந் தேதி, கேரளத்தையும் தென் தமிழ்நாட்டையும் கடந்து ஒரு கங்கண சூரிய கிரகணம் வருகிறது. நம் ஊரில் வளையம் முழுமையாகத் தெரியுமா, எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு விடும்? பத்திரிகையோ பஞ்சாங்கமோ சொல்லும் வரையில் காத்திராமல், சங்கரன்கோவில் மாணவர்கள் தாமே கணித்துச் சுவரில் எழுதி வைக்கட்டும். கிரகணத்தன்று, கண்ணுக்குத் தக்க பாதுகாப்போடு, தம் கணக்கை வானத்தோடு ஒத்துப் பார்க்கட்டும். பிழை இருந்தால் அது எங்கே நுழைந்தது என்று தேடட்டும். அவ்வாறு தேடத் தெரிந்த நாளில்தான் வானத்தின் கணக்கு நம் கைக்கு வந்தது என்று சொல்லலாம்.