கிரில்லில் சுட்ட இறைச்சி: உள்ளே எத்தனை டிகிரி?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து உடல்நிலை சீரானபின், அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ வசிக்கும் பிள்ளைகளிடம் சென்றுவர அனுமதி கேட்போர் எம் புறநோயாளர் பிரிவில் பலர். மருந்து, தடுப்பூசி, விமானப் பயணம் பற்றி விரிவாகக் கேட்பவர்கள் உணவைப் பற்றிக் கேட்பது குறைவு. அந்நாடுகளில் கோடைக்கால வார இறுதிகளில் வீட்டின் பின்புறத்தில் கேஸ் கிரில் பற்றவைக்கப்படும்; அதில் ஸ்டேக் எனப்படும் கனத்த மாட்டிறைச்சித் துண்டு சுடப்படும். மாட்டிறைச்சி உண்ணும் குடும்பங்களை எண்ணியே இதை எழுதுகிறேன். ஆட்டிறைச்சி, கோழி உண்போருக்கும் இதில் செய்தி உண்டு.

நம் வீட்டுக் குழம்பில் இறைச்சி கொதிநிலையில் நெடுநேரம் வேகிறது. குக்கரில் வெப்பம் அதற்கும் மேலே செல்கிறது. ஆகவே 'கறி வெந்ததா' என்ற நம் கேள்வி மென்மையைப் பற்றியது; கிருமியைப் பற்றியதன்று. ஸ்டேக்கின் நிலை வேறு. கிரில் கம்பிகளின் கடும் வெப்பத்தில் மேற்பரப்பு சில நிமிடங்களில் பழுப்பேறிவிடும்; நடுப்பகுதியோ 55 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளஞ்சிவப்பாக நிற்கும். அப்படி உண்பதையே பலர் விரும்புகின்றனர்.

உடல்நலமுள்ளோர் அதை உண்டும் பெரும்பாலும் தீங்கின்றி இருப்பதற்குக் காரணம் உண்டு. முழுத் துண்டான இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். தீ அவற்றை அழித்துவிடும். கொத்துக்கறியில் இந்தக் காப்பு இல்லை. அரைக்கும்போது மேற்பரப்பில் இருந்தது உள்ளே கலந்துவிடுகிறது. 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் வழியே ஈ.கோலை ஓ157 கிருமி பரவியது. 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், நான்கு குழந்தைகள் இறந்தனர். அக்கிருமியின் நச்சு சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யவல்லது. ஸ்டேக்கை மென்மையாக்க ஊசியாலோ கத்தி முனைகளாலோ துளைத்து விற்பதும் உண்டு. அப்படித் துளைத்தால் மேலிருந்த கிருமி உள்ளே செல்லும். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உண்போர், கீமோதெரபி பெறுவோர், கருவுற்றோர் ஆகியோருக்கு இளஞ்சிவப்பு ஸ்டேக் கூடாது. அமெரிக்க வேளாண் துறையின் பொது விதி: முழுத் துண்டுக்கு 63 டிகிரி, அதன்பின் மூன்று நிமிடம் ஆறவிடுதல், கொத்துக்கறிக்கு 71, கோழிக்கு 74. அங்குள்ள வெப்பமானிகள் பாரன்ஹீட்டில் காட்டும்: முறையே 145, 160, 165. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு ஸ்டேக்கையும் 71 வரை வேகவைக்கவே நான் சொல்கிறேன். துண்டு துளைக்கப்பட்டதா இல்லையா என்பது விருந்து வீட்டில் நமக்குத் தெரியாது. நிறத்தையோ வழியும் சாற்றையோ நம்பாதீர்கள்; இறைச்சி பாதுகாப்பான வெப்பத்தை எட்டுமுன்பே பழுப்பாவதுண்டு. விலை குறைந்த முள் வெப்பமானி ஒன்று போதும். அதைப் பக்கவாட்டில் நடுப்பகுதிவரை செருக வேண்டும், எலும்பைத் தொடக்கூடாது.

நன்றாக வேகவைப்பது என்றால் கருக்குவது என்று பொருளன்று. கருகிய பகுதியிலும், கொழுப்பு சொட்டி எழும் புகையிலும் புற்றுநோயைத் தூண்டவல்ல வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. கேஸ் கிரில்லில் இதைத் தவிர்ப்பது எளிது. ஒரு பக்கத்து பர்னர்களை முழுத்தீயிலும் மறுபக்கத்தை அணைத்தும் வையுங்கள். கொழுப்பை நறுக்கி நீக்கிய துண்டைத் தீயுள்ள பக்கத்தில் இருபுறமும் சில நிமிடம் சுட்டு, தீயில்லாப் பக்கத்துக்கு மாற்றி மூடியை மூடிவிட்டால், கருகாமல் உள்ளே வேகும். பச்சை இறைச்சி இருந்த தட்டில் வெந்ததை வைக்கலாகாது. அளவும் முக்கியம்: உணவகத்து ஸ்டேக் 250, 300 கிராம்கூட இருக்கும், புரதக் கட்டுப்பாடு உள்ளவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே மிகுதி.

பிள்ளை ஆசையோடு சுட்டுத் தரும்போது 'எனக்கு மட்டும் இன்னும் வேகட்டும்' என்று சொல்லப் பெற்றோர் கூசுகின்றனர். இக்கட்டுரையை முன்கூட்டியே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். கிரில்லைத் தேய்க்கும் கம்பித் தூரிகையையும் மாற்றச் சொல்லுங்கள். அதன் கம்பி இழை உணவில் ஒட்டி, விழுங்கியவரின் தொண்டையிலும் குடலிலும் குத்திய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

உணவுக்குப் பின் சில நாட்களில் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் கைவைத்தியம் பார்த்துக் காத்திராதீர்கள். வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸ் மருந்தின் இரத்த அளவு உயர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மலத்தில் இரத்தம் தென்பட்டால், போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கி உண்ண வேண்டாம். அன்றே அங்குள்ள மருத்துவமனைக்குச் சென்று, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் என்பதை முதலில் கூறி, மருந்துச் சீட்டைக் காட்டி, டாக்ரோலிமஸ் அளவையும் கிரியாட்டினினையும் பரிசோதிக்கக் கேளுங்கள்.