பன்னாட்டு நிதியுதவி பெறும் வளர்ச்சித் திட்டங்களில் கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும்: உஸ்பெகிஸ்தான் பருத்தி அறுவடையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டு நிதி நிறுவனங்களின் கடனுதவியுடன் நடைபெறும் வளர்ச்சித் திட்டங்களில் கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும் இடம்பெறும்போது அதற்கான பொறுப்பு யாரைச் சேரும் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. உஸ்பெகிஸ்தான் பருத்தி அறுவடை, அது தொடர்பாக உலக வங்கியிடம் 2013இல் அளிக்கப்பட்ட முறையீடு, அதன்பின் உருவான கண்காணிப்பு ஏற்பாடு ஆகியவை ஆய்வுக் களமாகக் கொள்ளப்பட்டுள்ளன. ‘திட்டத் தொழிலாளர்’ என்னும் வரையறையை மட்டும் அடிப்படையாகக் கொண்ட பாதுகாப்பு நெறிகள், திட்டத்தின் பயன் சென்றடையும் நிலத்தில் நிகழும் கட்டாய உழைப்பைக் காணத் தவறும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு, உலக வங்கி, உஸ்பெகிஸ்தான், பருத்தி, பாதுகாப்பு நெறிகள்.

முன்னுரை

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022இல் பிற அமைப்புகளுடன் இணைந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 39 இலட்சம் பேரைக் கட்டாயப்படுத்தியவை அரசுகளே. குழந்தை உழைப்பில் 2020ஆம் ஆண்டில் 16 கோடிக் குழந்தைகள் ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் பத்தில் எழுவர் வேளாண்மைத் துறையைச் சார்ந்தவர்கள். பாசனம், ஊரகக் கடன், வேளாண் நவீனமயமாக்கம் ஆகியவற்றிற்குப் பன்னாட்டு நிதி பெருமளவில் செல்கிறது. ஆகவே வளர்ச்சிக்கான நிதியும் கட்டாய உழைப்பும் ஒரே நிலத்தில் சந்திக்கும் வாய்ப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. அத்தகைய சந்திப்புக்கு மிகத் தெளிவாக ஆவணப்படுத்தப்பட்ட சான்றாக உஸ்பெகிஸ்தான் விளங்குகிறது.

1. கட்டாய உழைப்பு: சொல்லும் வரையறையும்

தமிழில் ‘கொத்தடிமை முறை’ என்னும் தொடர் பெரிதும் வழக்கில் உள்ளது. அது கடனுக்கு ஈடாக உழைப்பைப் பிணைக்கும் முறையைக் குறிப்பது. கட்டாய உழைப்பு என்பது அதனினும் விரிந்த கருத்தாக்கமாகும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு 29ஆம் உடன்படிக்கை இரண்டு கூறுகளை அடிப்படையாக வைக்கிறது. ஒன்று, ஏதேனும் ஒரு தண்டனை குறித்த அச்சுறுத்தலின்கீழ் வேலை பெறப்படுதல். மற்றொன்று, அவ்வேலைக்கு ஒருவர் தாமாக முன்வராமை. இங்குத் தண்டனை என்பது சிறையாகவோ அடியாகவோ இருக்க வேண்டியதில்லை. வேலை இழப்பு, படிப்பிலிருந்து நீக்கம், சலுகை மறுப்பு ஆகியனவும் அதனுள் அடங்கும். கூலி கொடுக்கப்பட்டது என்பதனால் மட்டும் ஒரு வேலை கட்டாய உழைப்பு அல்லாததாகிவிடாது.

1957ஆம் ஆண்டின் 105ஆம் உடன்படிக்கை இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானது. பொருளாதார வளர்ச்சியின் பொருட்டு மக்களைத் திரட்டி உழைப்பைப் பெறும் வழிமுறையாகக் கட்டாய உழைப்பைப் பயன்படுத்துவதை அது வெளிப்படையாகத் தடை செய்கிறது. ‘நாட்டின் வளர்ச்சிக்காக’ என்னும் காரணமே இவ்விதியால் செல்லாததாகிறது. குழந்தை உழைப்பைப் பொறுத்தவரை, 1973ஆம் ஆண்டின் 138ஆம் உடன்படிக்கை குறைந்தபட்ச வயதையும், 1999ஆம் ஆண்டின் 182ஆம் உடன்படிக்கை மிக மோசமான வடிவங்களையும் பேசுகின்றன. உஸ்பெகிஸ்தான் இந்நான்கையும் 2009ஆம் ஆண்டிற்குள் ஏற்றுக்கொண்ட நாடு என்பது குறிப்பிடத்தக்கது.

2. உஸ்பெகிஸ்தானின் பருத்தி அமைப்பு

சோவியத் ஆட்சிக் காலத்தில் மத்திய ஆசியாவில் பருத்தி ஒற்றைப் பயிராக வளர்க்கப்பட்டது. அதற்கெனத் திருப்பப்பட்ட ஆற்றுநீரே ஆரல் கடலின் அழிவுக்கு முதன்மைக் காரணமாயிற்று. 1991இல் விடுதலை பெற்ற பின்னரும் அவ்வமைப்பின் அடித்தளம் மாறவில்லை. நிலம் அரசுடைமையாகவே நீடித்தது. உழவர் அதனைக் குத்தகைக்குப் பெற்றனர். எவ்வளவு நிலத்தில் பருத்தி பயிரிட வேண்டும், எவ்வளவு விளைச்சலை அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்கு என்ன விலை என்பவற்றை அரசே தீர்மானித்தது. இலக்கை எட்டாத உழவர் நிலத்தை இழக்க நேரிடும்.

இந்த அளவுக் கட்டளை மேலிருந்து கீழாகப் பங்கிடப்பட்டது. மாகாணத்திலிருந்து மாவட்டத்திற்கும், மாவட்டத்திலிருந்து பள்ளி, மருத்துவமனை, கல்லூரி, அலுவலகம் ஆகியவற்றிற்கும் இலக்கு சென்றது. ஹொகிம் எனப்படும் ஆட்சித் தலைவர்கள் தத்தம் பகுதியின் இலக்குக்குப் பொறுப்பாயினர். கொள்முதல் விலை குறைவாக இருந்ததால் எடுப்புக் கூலியும் குறைவாகவே இருந்தது. அக்கூலிக்கு வேண்டிய ஆட்கள் தாமாக வாராத நிலையில் அரசின் ஆணை அவ்விடத்தை நிரப்பியது. கட்டாய உழைப்பு இங்கு ஒரு சில அதிகாரிகளின் மீறலன்று. விலைக் கட்டுப்பாட்டின் நேரடி விளைவு எனலாம்.

தொடக்கத்தில் இச்சுமையைப் பெருமளவில் தாங்கியவர்கள் பள்ளி மாணவர்கள். இலையுதிர் காலத்தில் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடப்பட்டுக் குழந்தைகள் வயல்களுக்கு அனுப்பப்பட்டனர். பன்னாட்டு நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணிக்கத் தொடங்கிய பின்னர், 2012 முதல் இளஞ்சிறார் பெரும்பாலும் விடுவிக்கப்பட்டனர். ஆயினும் இலக்கு குறையவில்லை. சுமை மேல்வகுப்பு மாணவர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், மருத்துவர்கள்மீது சாய்ந்தது. வயலுக்குச் செல்ல இயலாதோர் தம் சொந்தப் பணத்தில் மாற்றாள் அமர்த்தினர். குழந்தை உழைப்பை மட்டும் தனித்து ஒழிக்க முற்படும்போது கட்டாயம் ஒழியாமல் வேறு தோள்களுக்கு இடம்பெயரும் என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

இத்திரட்டலுக்கு ‘ஹஷர்’ என்னும் மரபு நியாயமாகக் காட்டப்பட்டது. அண்டை அயலார் கூடி வீடு கட்டவும் வாய்க்கால் தூர்வாரவும் தாமாக உதவும் உஸ்பெக் வழக்கம் அது. இத்தகைய மாற்றம் தமிழக வரலாற்றிற்கும் புதிதன்று. ஊரார் கூடி ஏரி, வாய்க்கால்களைப் பேணிய குடிமராமத்து வழக்கத்தை, 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் தண்டனைக்குரிய கடமையாக்கியது. ஒரு சமூக வழக்கத்தை அரசு ஆணையாக மாற்றும்போது பெயர் நிலைத்திருக்கும்; விருப்பம் மறைந்துவிடும்.

3. நிதியும் தொடர்பும்: 2013ஆம் ஆண்டு முறையீடு

உலக வங்கி 2008இல் உஸ்பெகிஸ்தானின் ஊரகத் தொழில் ஆதரவுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஊரகத் தொழில்களுக்குக் கடன், பாசன வடிகால் சீரமைப்பு, பயிற்சி ஆகியவை அதன் கூறுகள். 2013 செப்டம்பரில் மனித உரிமை அமைப்புகள் இத்திட்டம் குறித்து வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டன. நருமதை அணைத் திட்டத்தைச் சூழ்ந்து எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1993இல் அமைக்கப்பட்டதே அவ்வாய்வுக் குழு என்பது இங்கு நினையத்தக்கது.

முறையீட்டாளரின் வாதம் நேரிடையானது. பருத்தி உற்பத்தி முழுவதும் அரசின் கட்டாயத்தில் இயங்கும்போது வேளாண் துறைக்குச் செல்லும் நிதி அவ்வமைப்பைத் தாங்கி நிறுத்துகிறது. வங்கியின் சமூக மதிப்பீடு இவ்வுண்மையைப் போதிய அளவில் கணக்கில் கொள்ளவில்லை என்பதே அது. திட்டம் பருத்தி எடுப்புக்கு நிதி அளிக்கவில்லை, வேளாண்மையைப் பன்முகப்படுத்தவே முனைகிறது என்பது வங்கித் தரப்பின் நிலைப்பாடாக இருந்தது.

ஆய்வுக் குழு தன் முதல் அறிக்கையில், திட்டத்திற்கும் கூறப்படும் தீங்கிற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என ஏற்றது. எனினும் உடனடியாக முழு விசாரணையைப் பரிந்துரைக்காமல் முடிவை ஓராண்டு ஒத்திவைத்தது. பின்னர் வங்கி மேற்கொண்ட நடவடிக்கைகளைக் கருத்திற்கொண்டு விசாரணை தேவையில்லை எனப் பரிந்துரைத்தது.

இங்கு எழும் கோட்பாட்டுச் சிக்கல் ‘தொடர்பு’ என்பதன் அளவு பற்றியது. கடன் பணம் கூலியாகவோ விதையாகவோ பருத்தி வயலைச் சென்றடைந்ததா என்பது ஒரு வினா. அவ்வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலை அப்பணம் சீரமைத்ததா என்பது மற்றொரு வினா. முதல் வினாவிற்கு ‘இல்லை’ என்று விடை கூறுவது எளிது. இரண்டாம் வினாவிற்கு அவ்வாறு கூற இயலாது.

4. உடன்படிக்கை விதியும் கண்காணிப்பும்

முறையீட்டின் விளைவாக இரண்டு ஏற்பாடுகள் உருவாயின. முதலாவது, கடன் ஒப்பந்தங்களில் சேர்க்கப்பட்ட நிபந்தனை. 2014இல் ஒப்புதல் பெற்ற தென் கரகல்பாக்ஸ்தான் நீர்வள மேலாண்மைத் திட்டம் உள்ளிட்டவற்றில், திட்டப் பகுதியில் குழந்தை உழைப்போ கட்டாய உழைப்போ கண்டறியப்பட்டால் கடனை நிறுத்திவைக்க இடமளிக்கப்பட்டது. இரண்டாவது, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2015 முதல் உலக வங்கிக்காக மேற்கொண்ட மூன்றாம் தரப்புக் கண்காணிப்பு.

கண்காணிப்பின் தொடக்க ஆண்டுகள் குறைபாடற்றவை அல்ல. அரசு சார்ந்த தொழிற்சங்கக் கூட்டமைப்பு கண்காணிப்புப் பணியில் இடம்பெற்றிருந்தது. தாமாக வந்ததாகக் கூறும்படி எடுப்பாளர்களுக்கு முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டது என்றும், தனித்து ஆவணப்படுத்திய குடிமைச் சமூகத்தினர் தடுத்துவைக்கப்பட்டனர் என்றும் மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்தன. மனித உரிமைக் கண்காணிப்பகமும் உஸ்பெக் – செருமானிய மன்றமும் 2017 சூனில் வெளியிட்ட அறிக்கை, தென் கரகல்பாக்ஸ்தான் திட்டப் பகுதியிலேயே கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும் நிகழ்ந்ததாகக் கூறியது. ஆயினும் கடன் நிறுத்தப்படவில்லை. நிபந்தனை ஏட்டில் இருப்பதும் அது செயற்படுத்தப்படுவதும் வெவ்வேறு என்பது இதனால் புலனாகிறது. கண்டறியும் முறை அச்சமற்றதாக அமையாவிடில் நிபந்தனை ஒருபோதும் செயலுக்கு வராது.

5. மாற்றம் நிகழ்ந்த முறை

2016இல் அதிபர் இஸ்லாம் கரிமோவ் மறைந்தார். அடுத்து வந்த ஷவ்கத் மிர்சியோயேவ் 2017 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொது அவையில் இச்சிக்கலை வெளிப்படையாகப் பேசினார். அவ்வாண்டு அறுவடையின் இடையிலேயே மாணவர்களையும் ஆசிரியர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் வயல்களிலிருந்து திரும்பப் பெற ஆணையிடப்பட்டது. தொடர்ந்து எடுப்புக் கூலி உயர்த்தப்பட்டது. 2020இல் கட்டாய உழைப்பு குற்றவியல் தண்டனைக்கு உரியதாக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் அளவுக் கட்டளை முறையும் நீக்கப்பட்டது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணிப்பின்படி, 2018இல் ஏறத்தாழ 1.7 இலட்சம் பேரும் 2019இல் ஏறத்தாழ 1.02 இலட்சம் பேரும் கட்டாயத்தின்பேரில் பருத்தி எடுத்தனர். 2021ஆம் ஆண்டு அறுவடையில் 99 விழுக்காட்டினர் கட்டாயமின்றிப் பணியாற்றினர் எனவும், அமைப்பு முறையிலான கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும் முடிவுக்கு வந்தன எனவும் அவ்வமைப்பு 2022 மார்ச்சில் அறிவித்தது. 300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையொப்பமிட்ட உஸ்பெக் பருத்திப் புறக்கணிப்பு உறுதிமொழியும் அம்மாதத்திலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது.

இம்மாற்றத்தை ஒரே காரணத்திற்கு உரியதாக்குவது பொருந்தாது. ஆட்சி மாற்றம், சந்தைப் புறக்கணிப்பு, கடன் நிபந்தனை, இடர்ப்பாடுகளுக்கிடையே சான்று திரட்டிய உள்ளூர்க் கண்காணிப்பாளரின் உழைப்பு ஆகியன ஒன்றையொன்று வலுப்படுத்தின. எனினும் நிலையான மாற்றம், கூலி உயர்ந்து அளவுக் கட்டளை நீங்கிய பின்னரே உறுதிப்பட்டது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

6. புதிய நெறிகளும் எஞ்சும் இடைவெளியும்

உலக வங்கியின் பழைய பாதுகாப்புக் கொள்கைகள் சுற்றுச்சூழல், மறுகுடியமர்வு, பழங்குடியினர் முதலியவற்றைப் பற்றி இருந்தன. தொழிலாளர்க்கெனத் தனிக் கொள்கை இல்லை. 2016இல் ஏற்கப்பட்டு 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல், சமூகச் சட்டகத்தின் இரண்டாம் நெறியே முதன்முறையாக அக்குறையை நீக்கியது. அது கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. குறைந்தபட்ச வயதை 14 என வைத்து, நாட்டுச் சட்டம் கூடுதல் வயதைக் கூறின் அதனையே ஏற்கிறது. 18 வயதுக்குட்பட்டோரை இடர்மிக்க பணிகளில் ஈடுபடுத்துவதை விலக்குகிறது.

அந்நெறியின் பாதுகாப்பு நான்கு வகைத் ‘திட்டத் தொழிலாளர்’களுக்கு உரியது: நேரடிப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், முதன்மை வழங்குநரின் பணியாளர், சமூக உழைப்பாளர். சமூக உழைப்பு உண்மையிலேயே விருப்பத்தின்பேரில் தரப்படுகிறதா எனச் சோதிக்க வேண்டும் என்பது ஹஷர் போன்ற வழக்கங்களை எண்ணும்போது மிகப் பொருத்தமான விதியாகும். ஆனால் ஒரு பாசனத் திட்டத்தில் வாய்க்கால் வெட்டும் தொழிலாளி திட்டத் தொழிலாளர். அவ்வாய்க்காலின் நீரில் விளைந்த பருத்தியை எடுக்கக் கொண்டுவரப்படும் ஆசிரியர் இந்நான்கு வகைகளுள் இயல்பாக அடங்கமாட்டார். ஆகவே உஸ்பெகிஸ்தான் கடன் ஒப்பந்தங்களில் இடம்பெற்ற ‘திட்டப் பகுதி’ என்னும் இடம்சார்ந்த நிபந்தனை, பின்வந்த பொது நெறியைவிட இவ்வொரு கூறில் விரிவானது எனலாம்.

முடிவுரை

இவ்வாய்வினால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, உற்பத்தி அமைப்பிலேயே கட்டாயம் உறைந்திருக்கும் துறையில், நிதியின் பொறுப்பைத் திட்டப் பணியாளர் பட்டியலைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. திட்டத்தின் பயன் சென்றடையும் நிலத்தையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். இரண்டாவது, குழந்தை உழைப்பையும் கட்டாய உழைப்பையும் பிரித்துக் கையாண்டால் சுமை ஓர் அகவையினரிடமிருந்து மற்றோர் அகவையினருக்கு மாறுமேயன்றி நீங்காது. மூன்றாவது, சார்பற்ற கண்காணிப்பு இல்லாத கடன் நிபந்தனை பயனற்றது. கொள்முதல் விலை, நில உரிமை, இலக்கு முறை ஆகியவற்றைத் திட்ட மதிப்பீட்டின் தொடக்கத்திலேயே ஆராய்வது, தீங்கு நிகழ்ந்தபின் தொடர்பைத் தேடுவதினும் சிறந்தது. இவ்வளவுகோலைக் கொண்டு பிற நாடுகளின் பாசன, ஊரகக் கடன் திட்டங்களை மதிப்பிடுவது மேலாய்வுக்கு உரிய களமாகும்.