சூடாகும் பூமியும் பள்ளத்துத் தெருவும்

புவி வெப்பமயமாதல் என்றதும் எங்கோ உருகும் பனிமலைதான் நம் நினைவுக்கு வருகிறது. நாம் பார்க்க வேண்டியது பக்கத்திலேயே இருக்கிறது. மழை பெய்தால் முதலில் தண்ணீர் புகும் காலனித் தெருதான் அது.

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிவதால் வரும் கரியமில வாயு, பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த இந்த வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பல நாள் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாளில் கொட்டித் தீர்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் புகையில் கூலிக்கு நாற்று நடும் பெண்ணின் பங்கு என்ன? அவரிடம் காரும் இல்லை, ஏசியும் இல்லை. பாதிப்பு மட்டும் அவரிடம்தான் முதலில் வருகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, திருவாரூர் மாவட்டத்தில் 34 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். மாநிலத்திலேயே இதுதான் அதிகம். இவர்களில் ஏராளமானோர் சொந்த நிலமில்லாத விவசாயத் தொழிலாளர்கள். மேடு ஊருக்கு, பள்ளமும் வாய்க்கால் கரையும் சேரிக்கு என்று பிரித்தது வானிலை அல்ல, சாதி.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. விழுந்த தென்னைக்கு மரக்கணக்கில் நிவாரணம் கொடுத்தார்கள். அந்தத் தோப்பில் காய் பறித்துப் பிழைத்தவர் இழந்த வேலை நாட்களை எந்த மரத்தோடு சேர்த்து எண்ணுவது?

வெயிலும் அப்படித்தான். வெப்ப அலையை 2024இல் மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் சாவுக்குக் காரணம் வெப்பம் என்று பதிவாக வேண்டும். வயலில் மயங்கி விழுந்தவரைப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்துவிட்டால், அந்தக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்?

மரம் நடுவது நல்லது. அதோடு நின்றுவிடக் கூடாது. நம் தெருவில் எந்தெந்த வீட்டில் தண்ணீர் புகுகிறது, எத்தனை நாள் நிற்கிறது, சுடுகாட்டுப் பாதை மூழ்குகிறதா என்று படிக்கும் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் அதை மனுவாகக் கொடுத்து, மேட்டு நிலத்தில் மனைப்பட்டா, வடிகால், வேலை செய்யும் இடத்தில் நிழலும் குடிநீரும் கேட்போம். தீர்மானமாகப் பதிவு செய்யும் வரை கூட்டத்திலிருந்து எழுந்து வர வேண்டாம்.