ஆறுதலாக இருந்து சாப்பிட ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் எங்கே நிற்பாள்? அனேகமாகக் குசினியில்தான். மற்ற நாட்களில் பாணும் சம்பலுமாகக் காலை ஓடிவிடும். லீவு நாளில்தான் வீட்டில் உள்ளவர்களுக்குத் தோசையும் பிட்டும் கேட்கும். எல்லோருக்கும் பரிமாறி முடிய, சட்டியில் ஒட்டியிருப்பதை ஆறிப்போன சொதியோடு நின்றபடியே சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்கு அரிசி களைவோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பத்து மணிபோலத் திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்துக்குப் போய்விடுவேன். கொழும்பில் பெரிய ஹோட்டல்களில் காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து ‘பிரஞ்ச்’ என்று கொடுப்பார்கள். எனக்கு ஒரு தோசை, ஒரு உழுந்து வடை, குடிக்க இலைக்கஞ்சி. அதுவே இரண்டு நேரத்துக்கும் காணும்.

அம்மாச்சி வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சி. தெற்கில் ‘ஹெல போஜுன்’ என்ற பெயரில் நடப்பதும் இதே வகைதான். சமைப்பவர்களும் விற்பவர்களும் பெண்கள். நாம் பார்த்துக்கொண்டு நிற்கவே தோசை வார்ப்பார்கள். நாமே தட்டை வாங்கிக்கொண்டு போய் இருக்க வேண்டும். குரக்கன், அரிசிமா, உழுந்து, பயறு என்று நம்முடைய சாமான்கள்தான் கூடுதல். கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வரும் தோசையை, இன்னொருத்தி சுட்டுத்தர இருந்து சாப்பிடும்போதுதான், இத்தனை வருடமாக வீட்டில் அந்தச் சூட்டோடு நான் ஒரு தோசையும் சாப்பிடவில்லை என்பது எனக்கு உறைத்தது.

ஒருமுறை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். 2009இல் முள்ளிவாய்க்காலோடு கணவரைக் காணவில்லை. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். 2016ஆம் ஆண்டுப் புள்ளிவிபரப்படி இலங்கையில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பம் பெண் தலைமைத்துவக் குடும்பம். நாங்கள் அலுவலகத்தில் நிரப்பும் படிவங்களில் அக்காவும் அப்படி ஒரு கோடுதான். அவர் விடிய மூன்று மணிக்கு எழும்பி 150 இடியப்பம் அவித்து ஒரு கடைக்குக் கொடுக்கிறவர் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

முதலில் வர மறுத்தார். “மனுசன் எங்க எண்டு தெரியாம இருக்கேக்க, இவ கடையில இருந்து சாப்பிடுறா எண்டு சனம் கதைக்கும், பிள்ளை” என்றார். அவர் பொட்டு வைத்தாலும் கதைக்கிறார்கள், வைக்காவிட்டாலும் கதைக்கிறார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. “கதைக்கிற சனம் உங்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு தந்ததோ?” என்று கேட்டேன். கொஞ்சம் காரமாகத்தான் கேட்டுவிட்டேன். ஆனாலும் வந்தார்.

வந்தும் இருக்கவில்லை. தட்டோடு ஓரமாக நின்றார். பிறகு தன் தோசையை மகளுக்குக் கட்டித்தரச் சொல்லிக் கேட்டார். மகளுக்கு வேறாக வாங்குவோம், இது உங்களுக்கு என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவழியாக இருந்து இரண்டு வாய் சாப்பிட்டவர், “சம்பலுக்கு உப்புக் காணாது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழிற்காரிக்கு நாக்கு வேறு.

அதற்குப் பிறகு அவர் கண் சாப்பாட்டில் இல்லை, விற்கிற பெண்களின் கையில். எழும்பிப்போய் ஒருவரிடம் மாவு விலை, ஒரு நாளைக்கு எவ்வளவு முடியும், மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். அந்தப் பெண்ணும் சலிக்காமல் பதில் சொன்னார். வந்து இருந்த அக்கா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். கடைக்காரர் ஒரு இடியப்பத்துக்கு இவருக்குக் கொடுப்பது 10 ரூபா. 150க்கு 1500 ரூபா. கோதுமை மாவும் அரிசிமாவும் விறகும் போக, கையில் 500 ரூபா நின்றால் அது நல்ல நாள். 2022 நெருக்கடியில் கோதுமை மா விலை பல மடங்கு ஏறியபோது அதுவும் நிற்கவில்லை. மூன்று மணிக்கு எழும்புகிற நித்திரைக்கு அவர் ஒருநாளும் விலை போட்டதில்லை.

“அந்தப் பிள்ளை தன்ர சாமானுக்குத் தான் விலை சொல்லுது” என்று மட்டும் சொன்னார். பிறகு போய் இன்னொரு தோசை வாங்கிக்கொண்டு வந்தார். அதை முழுவதும் அவரே சாப்பிட்டார்.

அடுத்த கிழமை கடைக்காரரிடம் இரண்டு ரூபா கூட்டிக் கேட்டிருக்கிறார். “பாப்பம்” என்றாராம். இவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கடைக்கு 100 கொடுத்துவிட்டு, மிச்சம் 50ஐ எங்கள் ஒழுங்கையிலேயே 15 ரூபாவுக்கு விற்கிறார். காலையில் வேலைக்கு ஓடுகிற ஆசிரியைமார் இரண்டு பேர் நிரந்தர வாடிக்கை. கடைக்காரர் முகத்தை நீட்டுகிறாராம். நீட்டட்டும் என்கிறார்.

அம்மாச்சி போன்ற இடங்களில் சேர விரும்புகிறவர்கள் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரித்துப் பாருங்கள். எல்லோருக்கும் இடம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அக்காவும் விசாரித்துவிட்டுக் காத்திருக்கிறார்.

வருகிற சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தமுறை காசு தான்தான் கொடுப்பாராம்.