மஞ்சள் சுடரும் மளிகைக் கடை உப்பும்

அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தால், நீலமாக எரியும் கேஸ் சுடர் சட்டென்று மஞ்சளாக மாறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது சாம்பாரில் போட்ட மஞ்சள் தூளின் நிறமல்ல. நாம் அன்றாடம் விற்கும் உப்பின் நிறம். உப்பில் இருக்கும் சோடியம் என்ற உலோகம் சூடேறியதும் அந்த ஒளியைத் தருகிறது.

இப்படிப் பல உலோகங்களுக்குத் தீயில் ஒரு நிறம் உண்டு. பொட்டாசியத்துக்கு வெளிர் ஊதா. சுண்ணாம்பில் உள்ள கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பு. மயில்துத்தத்தில் உள்ள தாமிரத்துக்கு நீலம் கலந்த பச்சை. ஸ்ட்ரான்ஷியத்துக்கு நல்ல சிவப்பு, பேரியத்துக்கு இளம்பச்சை. தீபாவளி மத்தாப்பின் வண்ணங்களுக்கும் இவைதான் காரணம். பேரியம் உப்புகளைப் பட்டாசில் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்ததைப் பட்டாசு விற்கும் வணிகர்கள் அறிவார்கள்.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பணியாற்றிய புன்சன், கிர்க்காஃப் என்ற இரு அறிஞர்கள், இந்தச் சுடரின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டியது. அந்த முறையில் 1860-ல் ஓர் ஊற்று நீரிலிருந்து சீசியம் என்ற புதிய உலோகத்தையும், மறு ஆண்டு ருபிடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் வெறும் கண்ணால் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சோடியத்தின் மஞ்சள் மிகவும் பலமானது. சிறிதளவு கலந்திருந்தாலும் பொட்டாசியத்தின் ஊதாவை மறைத்துவிடும். ஆகவே ஆய்வுக்கூடத்தில் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பார்ப்பார்கள். அது மஞ்சளைத் தடுத்து ஊதாவைக் காட்டும்.

இதில் மளிகை வணிகர்களான நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று இப்போது பாக்கெட்டுகள் வருகின்றன. இவற்றில் சாதாரண உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். இரண்டும் வெள்ளைதான்; பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

இரத்த அழுத்தத்தைக் குறைக்க இந்த உப்பு உதவும். உலகச் சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இதைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை இல்லை. சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் உடலில் தேங்கி, இதயத் துடிப்பையே பாதிக்கலாம். சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுவோருக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆகவே இந்த உப்பைத் தனியாக அடுக்கி வைப்போம். சாதாரண உப்பு தீர்ந்துவிட்டது என்பதற்காக, கேட்காமலே இதை எடுத்துக் கொடுக்க வேண்டாம். கடைப் பையன்களுக்கும் பாக்கெட்டில் 'பொட்டாசியம் குளோரைடு' என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்போம். "வீட்டில் யாருக்காவது கிட்னி தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்" என்று வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்வோம். அதனால் ஒரு பாக்கெட் விற்காமல் போனாலும் நமக்கு நஷ்டமில்லை.