மேடைக்குத் தடை, ஸ்டுடியோவுக்கு அனுமதி

2016 மார்ச்சில் ஏசி/டிசி ராக் குழு சுற்றுப்பயணத்தில் இருந்தது. பாடகர் பிரையன் ஜான்சனுக்கு அப்போது வயது 68. மேடையில் பாடுவதை உடனே நிறுத்தாவிட்டால் காது அடியோடு போய்விடும் என்று மருத்துவர்கள் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மீதிக் கச்சேரிகளை கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ஆக்ஸல் ரோஸ் பாடி முடித்தார். அந்த நாட்களில் ஜான்சன் வெளியிட்ட அறிக்கையில் ஒரு செய்தி யோசிக்க வைக்கிறது. ஸ்டுடியோவில் பாடிப் பதிவு செய்ய அவருக்குத் தடையில்லையாம்.

அதே தொண்டை, அதே பாட்டு, அதே கிட்டார். ஓரிடத்தில் ஆபத்து, இன்னோரிடத்தில் அனுமதி. ஏன்?

உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட, பட்டாணி அளவேயான ஓர் உறுப்பு இருக்கிறது. பெயர் காக்ளியா. அதற்குள் திரவம், திரவத்துக்குள் வரிசை வரிசையாக முடிச் செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000. ஒலி வரும்போது திரவம் அசைகிறது, செல்களின் உச்சியில் உள்ள நுண்ணிய இழைகள் சாய்கின்றன, நரம்பில் மின்சமிக்ஞை ஓடுகிறது. இவற்றில் 3,500 அளவிலான செல்களே மூளைக்குச் சேதி சொல்பவை. மற்றவை நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. பிரிட்டன் விஞ்ஞானி ஜோனதன் ஆஷ்மோர், கினி பன்றியின் காதிலிருந்து எடுத்த அத்தகைய ஒரு செல்லுக்கு ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ பாட்டை மின்சமிக்ஞையாகச் செலுத்திப் படம் பிடித்தார். அந்த ஒற்றைச் செல் தாளத்துக்கு ஏற்பக் குதித்து ஆடியது!

இவ்வளவு நுட்பமான செல்லுக்கு இசைக்கும் இரைச்சலுக்கும் வேறுபாடு தெரியாது. எவ்வளவு ஆற்றல் வந்தது, எவ்வளவு நேரம் வந்தது என்பது மட்டுமே அதன் கணக்கு. ஜான்சன் கார் பந்தயப் பிரியர். ஹெல்மெட்டுக்குள் காதடைப்பான் வைக்க மறந்து பந்தயக் கார் ஓட்டியதுதான் ராக் இசையைவிடத் தன் காதைக் கெடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கணக்கு எப்படி ஏறுகிறது என்று பார்க்கலாம். டெசிபல் அளவில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. 30 கூடினால் 1,000 மடங்கு. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 100 என்றால் 15 நிமிடம், 109 என்றால் 2 நிமிடம்கூட இல்லை. ராக் மேடையில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஏசி/டிசி கச்சேரியில் பீரங்கிகள் வேறு முழங்கும்.

உடம்பிலும் ஒரு தற்காப்பு உண்டு. பேரொலி கேட்டதும் நடுக்காதில் உள்ள ஸ்டேப்பீடியஸ் என்னும் குட்டித் தசை இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் குறைக்கிறது. உடலின் எலும்புத் தசைகளிலேயே மிகச் சிறியது இதுதான். ஆனால் அது இறுகி முடிக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகலாம். டிரம்ஸில் விழும் அடி அதற்குள் காக்ளியாவை எட்டிவிடும். வெள்ளம் வந்த பின் அணை போட்ட கதைதான்.

கச்சேரி முடிந்து வந்தவர்களுக்குக் காதில் ‘ஙொய்’ என்று இரைச்சல் கேட்கும், மறுநாள் சரியாகிவிடும். உண்மையில் எல்லாமே சரியாகிவிடுவதில்லை. 2009இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளிடம் இதைக் கண்டார்கள். கேட்கும் திறன் திரும்பிய பிறகும், முடிச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பாதியளவு சில பகுதிகளில் நிரந்தரமாக அழிந்திருந்தன. முடிச் செல்லே செத்துவிட்டால் மனிதருக்கு அது மீண்டும் முளைக்காது. கோழிக்கு முளைக்கும்!

இப்போது மருத்துவர்களின் அனுமதிக்கு வருவோம். மேடையில் டிரம்ஸ், ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் சில அடி தூரத்தில் முழங்குகின்றன. காது மங்கிய பாடகருக்குக் கிட்டாரே பிடிபடுவதில்லை. ஜான்சனின் புகாரும் அதுதான். தன் குரல் தனக்குக் கேட்க, பாடகரை நோக்கி வைத்த மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலியை அவர் கூட்டினால் சேதமும் கூடும். ஸ்டுடியோவிலோ, முன்பே பதிவான வாத்திய இசையைக் கேட்டபடி தனி அறையில் நின்று பாட முடியும். ஹெட்போனில் எவ்வளவு ஒலி வேண்டும் என்பது அவர் கையில். களைத்தால் நிறுத்தலாம்.

அப்படித்தான் 2018இல் வான்கூவரில் குழு மீண்டும் கூடியது. குழுவைத் தொடங்கிய சகோதரர்களில் அண்ணன் மால்கம் யங், நினைவிழப்பு நோயால் விலகி 2017இல் காலமாகியிருந்தார். தம்பி ஆங்கஸ், அண்ணனோடு சேர்ந்து முன்பு உருவாக்கி வைத்திருந்த மெட்டுகளிலிருந்தே பாடல்களை எழுப்பினார். ‘பவர் அப்’ ஆல்பம் 2020 நவம்பர் 13இல் வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றிலும் முதலிடம்.

மேடைக்குத் திரும்ப இன்னொருவர் கை கொடுத்தார். காதுக்குள் பொருத்தும் மானிட்டர்களின் முன்னோடியான ஸ்டீபன் ஆம்ப்ரோஸ், மண்டையோட்டு எலும்பின் வழியே ஒலியைக் கேட்க வைக்கும் ஒரு கருவியை ஜான்சனுக்காக உருவாக்கினார். எலும்பு வழியே போகும் ஒலியும் கடைசியில் காக்ளியாவைத்தான் அடைய வேண்டும். இறந்த செல்லை எந்தக் கருவியும் எழுப்பாது. மிஞ்சியவற்றை நன்றாகப் பயன்படுத்த உதவும், அவ்வளவே. 2023 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் பவர் ட்ரிப் விழாவில் அவர் மீண்டும் மேடையேறினார். அப்போது அவருக்கு 76 வயது.

‘பவர் அப்’ கேட்கும் நமக்கும் அதே கணக்குதான். 109 டெசிபலில் ஒரு பாட்டு முடிவதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். 79 டெசிபலுக்கு இறக்கினால் முழு ஆல்பத்தையும் நாளெல்லாம் திரும்பத் திரும்பப் போடலாம். ராக் ரசிகருக்கு இதைவிட லாபமான பேரம் கிடைக்காது.