எட்டுத் துளித் தண்ணீர்

வட்டுக்கோட்டையை அடுத்த அராலியில் வழுக்கையாறு போய்ச் சேரும் கடல் ஆழமற்றது. இந்தக் கரையோரப் படகுகளின் எஞ்சினுக்கு ஒரு பழைய தொல்லை உண்டு: தங்கூசி எனும் மீன்பிடி நைலோன் இழை. அறுந்து நீரில் அலையும் இழை புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும். சுழலச் சுழல இறுகிச் சூடேறி, தண்டைப் பிடித்திருக்கும் றப்பர் சீலை அறுத்துவிடும்.

அந்தச் சீல் காக்கும் கியர்ப்பெட்டி ஓட்டத்தில் சூடாகியிருக்கும்; எஞ்சினை நிறுத்தியதும் கடல் நீரில் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அறுந்த சீல் வழியே உப்புநீர் உறிஞ்சப்படுகிறது.

உள்ளே இருப்பவை எளிய பாகங்களல்ல. எஞ்சினிலிருந்து இறங்கி, முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுற்று சுழலும் தண்டை பேரிங்குகள் தாங்குகின்றன. பேரிங்கின் உருளைக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அங்கே அழுத்தமோ வளிமண்டலத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு! அந்த நெரிசலில் எண்ணெய் ஏறக்குறையத் திண்மமாக இறுகுகிறது. இரும்பை இரும்பு தொடாமல் காப்பது அந்த இறுக்கம்தான். தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை. அது புகுந்த இடத்தில் படலம் மெலிந்து, உலோகங்கள் உரசுகின்றன.

எவ்வளவு தண்ணீர் புகுந்தால் கேடு? 1977இல் கான்ட்லி என்ற ஆய்வாளர் கூம்புருளை பேரிங்குகளை வைத்துச் சோதித்தார். எண்ணெயில் பத்து இலட்சத்துக்கு 100 பங்கு நீர் இருந்தபோது கிடைத்த ஆயுள், 400 பங்கானபோது பாதிக்கும் கீழே இறங்கியது. 400 பங்கு என்பது ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ எட்டுத் துளி. சிறிய எஞ்சினின் கியர்ப்பெட்டி கொள்வதோ அரை லீற்றருக்கும் குறைவுதான்.

ஆய்வுக்கூட பேரிங்கின் கணக்கு படகுக்கு அப்படியே பொருந்தாது. உப்புநீரில் நிலைமை இன்னும் மோசம். துரு ஒருபுறமிருக்க, உருக்கின் நுண்வெடிப்புகளில் நீர் சிதைந்து ஐதரசனைத் தருகிறது. அது உலோகத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கும்படி ஆக்குகிறது. மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரத் தொடங்கும்.

கியர் ஒயில் பால் நிறமானால் தண்ணீர் புகுந்துவிட்டது என்பது மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எண்ணெய் தன்னுள் கொஞ்சம் நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதுவரை பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். நிறம் மாறும்வரை காத்திருப்பது பிந்திய வைத்தியம். படகை இரவு முழுக்கக் கரையில் நிறுத்தினால், கரையாத நீர் அடியில் தங்கும். காலையில் அடித் திருகாணியைச் சற்றே தளர்த்தினால் எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வரும். அப்படி வந்தால் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. புரொப்பெல்லரைக் கழற்றி, சீலையும் மாற்ற வேண்டும்.